துண்டுக்கடியில் இரண்டு விரல் குறைவு

1

இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை. பேரம் பேசி வாங்கினேன்.

மற்ற எழுத்தாளர்கள் காற்று வாங்கப் போன இடத்தில் கதை வந்து மடியில் விழுந்ததாகச் சொல்கிறார்கள். கொடுத்து வைத்தவர்கள். நான் சாயல்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் சும்மா வருகிற பொருளை முதலில் முகர்ந்து பார்ப்போம், பிறகு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்போம், அதன் பிறகுதான் நன்றி.

கதையின் சொந்தக்காரர் கூத்தையா. எங்கள் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மாட்டுத் தரகர். சென்ற ஆண்டு, அதாவது ஐம்பத்தெட்டில், மிரண்டு ஓடிய காளையின் கயிறு அவருடைய வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டின் அடிக்கணு மட்டும் மிச்சம்.

"அண்ணே, இதக் கதையா எழுதட்டுமா?" என்றேன்.

"எழுதி?"

"பத்திரிகையில போடுவாங்க. நாலு பேரு படிப்பாங்க."

"படிச்சு?"

தரகரிடம் பேசுவதில் உள்ள கஷ்டம் இது. நான் சரக்கில் குறை சொல்ல ஆரம்பித்தேன். "ரெண்டு விரல் ஒரு கதைக்குப் பத்தாதுண்ணே. மணிக்கட்டோட போச்சுன்னு வச்சுக்கிருவோமா?"

"ஏந்தம்பி, காளைகிட்டத் தப்பிச்சத எல்லாம் ஒங்கிட்டப் பறிகுடுக்கவா?"

"சரி, மூணு விரல்."

"ரெண்டு. அதுக்கு மேல ஒரு நகம் குடுக்க மாட்டேன்."

இரண்டிலேயே படிந்தது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கதையில் எங்கேயும் அவரை அழவைக்கக் கூடாது. எழுத்தாளனுக்கு அதுதான் பெரிய நஷ்டம். ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

2

எப்படித் தொடங்குவது?

"தெற்கே கடல் இரைந்துகொண்டிருந்தது. கூத்தையாவின் மனமும் அதைப் போலவே…"

(சந்தைத் திடலில் நின்றால் கடல் கேட்காது. மாடு கத்துவதும், கத்துகிற மாட்டுக்கு மேல் மனிதன் கத்துவதும்தான் கேட்கும்.)

"மனித குல நாகரிகத்தில் விரல்களுக்கு உள்ள இடத்தை ஆராய்ந்தால்…"

(பள்ளிக்கூடத்தில் வாசித்தால் சோப்புப் பெட்டி பரிசு தருவார்கள்.)

"காளையின் கண்கள் குருதிச் சிவப்பாய்க் கனன்றன. பழி தீர்க்கும்…"

இதைக் கூத்தையாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் காளையின் பக்கம் சேர்ந்துகொண்டார். "அது மேல தப்பில்ல தம்பி. லாரிக்காரன் ஆரன் அடிச்சான், மெரண்டுச்சு. கயித்தக் கையில சுத்தக் கூடாதுன்னு மாட்டுக்காரன் மகனுக்கே தெரியும். வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவணும்னு ஒரு நிமிசம் சுத்தினேன்." காளையை நல்ல பிள்ளையாக்கிவிட்டேன். வில்லன் இல்லாமல் போனது என் இரண்டாவது நஷ்டம்.

ஆகவே துண்டிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் சந்தையில் மாட்டுக்கு வாயால் விலை சொல்வதில்லை. தரகரும் வாங்குகிறவரும் வலது கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். விலை சொல்கிறவர் மற்றவரின் விரலைப் பிடிப்பார். சுட்டுவிரல் என்றால் ஒன்று. நடுவிரலும் சேர்ந்தால் இரண்டு. அப்படியே சுண்டுவிரல் வரை நாலு, உள்ளங்கையோடு அழுத்தினால் ஐந்து. பத்தா நூறா என்பதை மாட்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். தெரியாதவன் ஆடு வாங்கப் போகட்டும். சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் துண்டு மட்டும்தான் தெரியும்.*

இப்போது கூத்தையாவின் இழப்பைக் கணக்கிடுங்கள். அவரால் ஓரளவு பேச முடியும். மிச்சமிருக்கிற கட்டைவிரலும் மோதிரவிரலும் சேர்ந்து எதிராளியின் விரலைப் பிடித்துவிடும். அவரால் கேட்கத்தான் முடியாது. ஒன்றும் இரண்டும் வந்து விழ வேண்டிய இடத்தில் காற்று இருந்தது.

* "இடது கையை நீட்டினால் என்ன?" என்று பட்டணத்து வாசகர் கேட்கலாம். எங்கள் பக்கம் இடது கைக்கு வேறு உத்தியோகம். அதைத் துண்டுக்குள் நீட்டியவனிடம் மாடு வாங்க மாட்டார்கள், பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள்.

3

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே கையைப் பழக்குவதற்கென்றே ஒரு நர்ஸ், பெயர் லீமாரோஸ், ஊர் தங்கச்சிமடம், வள்ளத்துக்காரர் மகள். புண் ஆறிய கைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். உருக்கிய மெழுகு, பிசையக் களிமண், பொறுக்கப் புளியங்கொட்டை, போட்டுக் கழற்றப் பட்டன் தைத்த பலகை எல்லாம் வைத்திருந்தாள். வலையில் கட்டும் மிதவைக் கட்டையைத் துளைத்து, கரண்டிக் காம்பில் செருகி, குறைந்த விரல்களும் பிடிக்கிற மாதிரி ஒரு கரண்டி செய்திருந்தாள். அதனால் கூத்தையா தன் கையாலேயே குழம்பு ஊற்றிக்கொண்டார். வேட்டி கட்டப் பழகினார்.

ஆனால் மோசமான மாணவர். களிமண்ணைப் பிசையச் சொன்னால் அதில் காளை செய்து கொம்பு வைத்துக்கொண்டிருப்பார். கணுவின் கூச்சம் போக வேண்டுமென்று பஞ்சு, தவிடு, மணல், சாக்கு என்று வரிசையாகத் தேய்க்கச் சொன்னாள். அவர் பஞ்சோடு நின்றுகொண்டார்.

"எதுக்கு நர்ஸம்மா இதெல்லாம்? சோறு திங்கிறேன், சட்டை போடுறேன். போதாதா?"

"போதும்னா மொகத்த ஏன் இப்பிடி வச்சிருக்கீக? அமாவாசை இருட்டுலயும் வலையில சீலா மீன் படாதவன் மாதிரி?"

அப்போதுதான் துண்டு விஷயத்தைச் சொன்னார். லீமாரோஸ் யோசிக்கவில்லை. தோளில் கிடந்த ஆஸ்பத்திரித் துண்டை எடுத்து உதறினாள், தன் கையை அவர் கையோடு கோத்தாள், மேலே போட்டாள்.

"சொல்லுங்க. அந்தச் சுவர்க் கடியாரம் என்ன வெல?"

"ஓடாத கடியாரத்துக்கு எவன் வெல சொல்லுவான்?"

"அப்ப நாலாம் கட்டில்காரரு?"

கூத்தையா திரும்பிப் பார்த்தார். "பல்லப் பாக்கணும்."

நாலாம் கட்டில்காரர் வாயைத் திறந்து காட்டினாராம். (இதை நான் சேர்த்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை, சரக்கோடு வந்தது.)

கூத்தையா அவள் விரலைப் பிடித்தார். "கோழிக்குஞ்சு கொத்துற மாதிரி இருக்கு," என்றாள் அவள். "இந்தப் பிடிக்கு எவன் மாடு குடுப்பான்? போயிக் களிமண்ணப் பெசைங்க." பிறகு அவள் முறை. அவள் கணுவின் மேல் அழுத்தியதும் கூத்தையா கட்டிலிலிருந்து எழும்பிவிட்டார். கரண்டுக் கம்பியைத் தொட்ட மாதிரி இருந்ததாம். ஆனால் எந்தக் கணு என்று தெரிந்தது.

"தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது. உசுரு போச்சு."

"உசுரு போறத நான் பாத்துக்கிறேன். தெரியுதுல்ல, அப்ப அதான் விரலு. இனி அதைப் பழக்குங்க."

அன்றைக்கு மத்தியானம் அவரே தவிட்டைக் கேட்டு வாங்கினார். அடுத்த வாரம் மணல். சாக்கில் தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, வார்டில் இருந்த எல்லாவற்றுக்கும் விலை சொன்னார். பெரிய டாக்டரின் மூக்குக்கண்ணாடிக்கு அவர் சொன்ன விலை இதுவரை ரகசியம்.

4

இந்த லீமாரோஸ் மேல் எனக்கே கொஞ்சம் சந்தேகம். கதைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறாள். வாசகர்களில் சிலர் ஏற்கெனவே வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்திருப்பார்கள்: ஒரு ஆண், ஒரு பெண், கோத்த கைகள், மேலே துண்டு.

உங்களுக்கு முன்னாலேயே அப்படி யோசித்தவர் ஒருவர் உண்டு. கூத்தையாவின் மனைவி ராக்கு. சோற்றுத் தூக்கோடு வார்டுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன நடக்குது இங்கன?"

"வெல பேசுறோம்," என்றார் கூத்தையா.

"எத?"

"கடியாரத்த."

ராக்கு சுவரைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக் கடியாரத்த விக்க ஒங்களுக்கு எவன் தரகு குடுத்தான்?"

லீமாரோஸ் கையை உருவவில்லை. அவசரமாக உருவியிருந்தால் இந்தக் கதை வேறு பத்திரிகைக்குப் போயிருக்கும். நிதானமாகச் சொன்னாள்: "அக்கா, நல்ல நேரத்துல வந்தீக. இவரு வீட்டுக்குப் போனா நான் கூட வர முடியாது. நீங்க இங்கன ஒக்காந்து கையக் குடுங்க."

ராக்கு அந்தக் கணுக்களை அதுவரை தொட்டதில்லை. சோறு பிசைந்து கொடுத்திருக்கிறாள், முதுகு தேய்த்துவிட்டிருக்கிறாள், அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஆனால் கட்டு அவிழ்த்த பிறகு அந்த இடத்தை மட்டும் பார்க்காமலேயே எல்லாம் செய்து வந்தாள். இப்போது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு துண்டுக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் துண்டு அசையவில்லை.

"ரெண்டு," என்றார் கூத்தையா.

"ஒண்ணுதான் அமுக்குனேன்."

"ரெண்டு மேலயும் பட்டுச்சு."

"எனக்குக் களையெடுத்த வெரலு. ஒங்க நர்ஸம்மா மாதிரி மெல்லிசா இருக்குமா?"

(இந்த இடத்தில் யாரும் அழவில்லை. ஒப்பந்தம்.)

5

ஊருக்குக் கிளம்பும்போது ஆஸ்பத்திரிப் பட்டறையில் இரண்டு மரவிரல்கள் செய்து, தோல்பட்டை வைத்துக் கொடுத்தார்கள். அருமையான வேலைப்பாடு, நகம்கூடச் செதுக்கியிருந்தது. குடை பிடிக்க, கயிறு இழுக்க, சாக்குத் தூக்க எல்லாவற்றுக்கும் தோதாக இருந்தது. ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. லீமாரோஸ் மட்டும், "வேலைக்குப் போட்டுக்கங்க. யாவாரத்துக்குக் கழட்டிருங்க," என்று சொல்லியிருந்தாள்.

கூத்தையா கழற்றவில்லை. எவ்வளவு நாள் கழித்துச் சந்தைக்கு வருகிறார்! முழுக்கையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. என்னைக் கேட்டால் நானும் கழற்றியிருக்க மாட்டேன்.

பாக்கர் ராவுத்தர் வந்தார். தொண்டிப் பக்கத்துக்காரர், எங்கள் சந்தையில் அதிகம் மாடு வாங்குகிறவர். அவர் எந்தத் தரகரோடு கை கோக்கிறாரோ அவரோடு மற்ற வியாபாரிகளும் கோப்பார்கள். துண்டு விழுந்தது. ராவுத்தர் பிடித்தார், அழுத்தினார், காத்திருந்தார். கூத்தையாவுக்கு எதுவும் வந்து சேரவில்லை. மரம் எதைக் கேட்கும்? ராவுத்தர் மறுபடி அழுத்தினார். பிறகு கையை வெளியே எடுத்துவிட்டார்.

"ஏர்க்காலப் பிடிச்ச மாதிரி இருக்கு கூத்தையா."

கூட்டத்தில் யாரோ, "மூளிக்கை உள்ள போனா பேரமும் மூளியாத்தான் போகும்," என்றான். ராவுத்தர் அவனை முறைத்தார். கூத்தையாவின் தோளில் கை வைத்து, அன்பாக, நாலு பேர் கேட்க, "விடப்பா. நமக்குள்ள எதுக்குத் துண்டு? வாயாலயே சொல்லிருவோம்," என்று விலையைச் சத்தமாகச் சொன்னார்.

நல்ல மனிதர். அவர் செய்ததை எதிரிகூடச் செய்ய மாட்டான். விலை வெளியே வந்ததும் மாட்டுக்காரன் தானே பதில் சொன்னான், பக்கத்து வியாபாரி குறுக்கே ஏலம் கேட்டான். கூத்தையா நடுவில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரகசியம் கையில் இல்லாத தரகருக்கும் முளைக்குச்சிக்கும் வித்தியாசம் கிடையாது.

சந்தைக் குத்தகைக்காரரும் நல்லவர்தான். "வாசல்ல ஒக்காந்து சீட்டுக் கிழி கூத்தையா. நெழல் இருக்கு. அதுக்கு மூணு வெரலு போதும்," என்றார். போன வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்.

6

இங்கே எனக்கு மூன்று வழி தெரிந்தது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதல் வழி எனக்கு மிகவும் பிடித்தது. விரல் போனவர்களுக்கு இல்லாத விரல் இருப்பது போலவே தோன்றுமாம், அரிக்கும்கூட. ராவுத்தர் காற்றைப் பிடிக்கிறார், இல்லாத அந்த விரலில் விலை வந்து இறங்குகிறது, கூத்தையாவின் முகம் மலர்கிறது… வாசித்ததும் கூத்தையா சிரித்தார். "அரிக்கிறது நெசம் தம்பி. ஆனா சொறியவே வழி இல்லாத வெரலு. அதுக்கு மாட்டு வெல எங்க தெரியும்?"

அடுத்ததில் ராக்குவைத் துண்டுக்குள் இறக்கினேன். புருஷனுக்காகப் பெண்டாட்டி கை. முற்போக்காக இருக்கும். ராக்குவிடம் சொன்னேன். "ராவுத்தரு கையப் புடிக்கவா? அந்த மனுசன் துண்டோட தொண்டிக்கு ஓடிருவாரு," என்றாள்.

மூன்றாவதில் ராவுத்தர் மனம் உருகிக் கூத்தையாவைக் கட்டித் தழுவி…

(வேண்டாம். ராவுத்தரை எனக்குத் தெரியும். மாடு வாங்குகிற நேரத்தில் அவருக்கு மனம் உருகினால் அந்த மாட்டில் ஏதோ கோளாறு.)

7

ஆகவே நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை, சந்தையில் எங்கள் கருப்பட்டிக் கடையிலிருந்து பத்தடி தள்ளி நடந்தது.

கூத்தையா மரவிரல் இல்லாமல் வந்தார். கையை வேட்டி மடிப்பிலோ அக்குளிலோ ஒளிக்காமல் வீசி நடந்தார். மூக்கையா என்ற சம்சாரியின் பசு விற்பனைக்கு நின்றது. மூக்கையாவிடம் துண்டு போடாமல், ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்க் காதோடு விலை கேட்டுக்கொண்டு ராவுத்தரிடம் வந்தார்.

"ராவுத்தரே, வெரல் இருந்த எடத்துல கணுவ அமுக்குங்க. சுட்டுவெரலுக்கு இது, நடுவெரலுக்கு இது. வேற ஒண்ணும் மாறல. என் கை படிச்சிருச்சு. இனி நீங்கதான் படிக்கணும்."

ராவுத்தர் அந்தக் கணுக்களையே பார்த்தார். வழவழவென்று இளஞ்சிவப்பாக, பிஞ்சுத் தோலோடு இருந்தன.

"வலிக்குமேப்பா."

"வலிச்சா அது என் தரகுல சேத்தி."

"வாயால சொன்னா ஒனக்கும் லேசு, எனக்கும் லேசு."

"லேசான வேலை வாசல்ல இருக்கு ராவுத்தரே. சீட்டுக் கிழிக்கிறது. அதுக்குப் போகவா வேண்டாமான்னுதான் ஒங்ககிட்டக் கேக்க வந்திருக்கேன்."

ராவுத்தர் தாடியைத் தடவினார். "பிஸ்மில்லா," என்று கையை நீட்டினார். துண்டு விழுந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு. ராவுத்தர் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று யோசித்தார். கூத்தையா பசுவின் வாலில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். துண்டு ஒருமுறை மேடிட்டது, அமர்ந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி அசைந்தது. கூத்தையாவின் தாடை ஒரு தடவை இறுகியது. வலியா, விலையா? இரண்டு முகத்தையும் வாசித்துப் பார்த்தேன். கை உள்ளே இருக்கும்போது முகத்தில் எழுத்து இருக்கக் கூடாது என்று பழகியவர்கள்.

கைகள் வெளியே வந்தன. ராவுத்தர் தலையை ஆட்டினார். மூக்கையா பசுவை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

பேரம் படியவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் சந்தையில் துண்டுக்குள் போகிற பேரத்தில் பாதிக்கு மேல் படியாமல்தான் வெளியே வரும். ஆனால் அன்று படியாதது விலையா, கையா? விலை என்றால் கூத்தையா மறுபடி தரகர். கை என்றால் அவருக்கு வாசலில் நிழல் இருக்கிறது. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இருவர். ராவுத்தரிடம் கேட்டேன். "மாடு கொஞ்சம் வயசு," என்றார். அதைப் பார்த்தாலே தெரியும். கூத்தையாவிடம் கேட்டேன்.

"அண்ணே, ராவுத்தரு அமுக்குனது ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்றவன் தரகனா தம்பி?"

"கதைக்கு வேணும்ணே. இத்தனையும் குடுத்துட்டு இத மட்டும் வச்சுக்கிட்டா எப்பிடி?"

"இத்தனையும் ஆஸ்பத்திரியில நடந்தது, வீட்டுல நடந்தது. குடுத்தேன். இது சந்தையில நடந்தது."

தொழில் தர்மத்தைக் காப்பாற்றுகிற தரகரின் பேச்சு அது. தோற்றுப் போனதை மறைக்க விரும்புகிறவருக்கும் அதைவிட நல்ல பேச்சு கிடைக்காது. நான் எத்தனையோ பேரத்தில் எதிராளியின் அடிமட்ட விலையைக் கண்டுபிடித்திருக்கிறேன். இதில் கண்டுபிடிக்க முடியவில்லை. குத்தகைக்காரருக்கு என்ன பதில் சொன்னார் என்று விசாரித்தேன். "அடுத்த வெள்ளி சொல்றேன்னாரு," என்றார் குத்தகைக்காரர்.

இதை நான் எழுதுவது புதன்கிழமை. பத்திரிகைக்காரர்கள் அச்சிட்டு உங்கள் கைக்கு வருவதற்குள் பல வெள்ளிக்கிழமைகள் போயிருக்கும். அப்போது என்னைவிட உங்களுக்கு வசதி அதிகம். சாயல்குடிக்கு பஸ் இருக்கிறது. சந்தை வாசலில் உங்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற கையைப் பாருங்கள். அதில் எல்லா விரலும் இருந்தால், உள்ளே போய்த் துண்டுகளுக்கு நடுவே தேடுங்கள். பஸ் ஏற மனமில்லாதவர்கள் வீட்டிலிருந்தே ஒரு முடிவை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவரை அழவைக்காதீர்கள். அந்த நிபந்தனை உங்களையும் கட்டும்.

இன்று காலை அவர் வீட்டு வழியாகப் போனேன். ராக்கு வேலியில் துண்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுத்தாளன் புத்தி, நின்றேன்.

"என்னக்கா, வெள்ளிக்கெழமைக்கா?"

"அழுக்கா இருந்துச்சு, தொவச்சேன்," என்றாள். "அழுக்குத் துண்டத் தொவைக்கிறதுக்கும் ஒங்கிட்டக் காரணம் சொல்லணுமா?"